சட்டைக்குள் ஒரு துப்பாக்கி

போன மாதம் என் தாய்மாமா ஒரு பாரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். துப்பாக்கி லைசன்ஸுக்கான விண்ணப்பம். "நீ படிச்சவன், மலாய்ல ஒழுங்கா எழுதுவ. இத பூர்த்தி பண்ணிக் கொடு மாப்ள" என்றார். பெயர், அடையாள கார்டு எண், கடை முகவரி எல்லாம் எழுதிவிட்டேன். காரணம் எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. மாமா ஈப்போவில் புந்தோங் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். செமஸ்டர் விடுமுறையில் நானும் அங்கேதான், தராசுப் பக்கம் நின்று ரசீது எழுதுவேன். இந்த வியாபாரத்தில் எல்லாமே கைக்காசு. ஒருநாள் சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் பாராங்கோடு உள்ளே வந்தார்கள். பணப்பையைக் கொடுப்பதற்குள் மாமாவின் இடது கையில் ஒரு வெட்டு. பதினோரு தையல். நான் பின்கட்டில் அலுமினியம் பிரித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது மோட்டார் சைக்கிள் போய்விட்டது, தரையில் ரத்தம்.

அதனால் மாமா கேட்பது எனக்குப் புரிகிறது. அவர் கள்ளத்தனமாகவும் எதையும் செய்யவில்லை. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் மாநிலப் போலீஸ் தலைவரின் கையில். லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. "அதான் முறையா கேக்கிறேன்" என்கிறார் மாமா. சரி, கிடைப்பது கிடைக்காமல் போவது போலீஸின் பாடு. கிடைத்தால், தினமும் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வேலைக்குப் போகலாமா என்பதுதான் நம் பாடு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "அகிம்சைதான் நம் தர்மம், ஆயுதமே தொடக்கூடாது" என்று சமய வகுப்பில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கழுத்துக்கு நேரே பாராங் வராதவரை அப்படிச் சொல்வதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. நம் குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றித்தான் பேசுகின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்ற எல்லை உண்டே தவிர உரிமை இருக்கிறது. நம் தோட்டத்து முனியாண்டியும் வெறுங்கையோடு நிற்கவில்லை, அருவாளோடுதான் நிற்கிறார்.

ஆனால் அவர் அருவாளை வேட்டிக்குள் மறைத்து வைக்கவில்லை. ஊர் எல்லையில், எல்லோரும் பார்க்கும்படி ஓங்கிப் பிடித்திருக்கிறார். கீதையைக் காட்டி வாதாடும் நண்பர்களும் இதை யோசிக்க வேண்டும். குருக்ஷேத்திரத்தில் சங்கு ஊதிய பிறகுதான் அம்பு கிளம்பியது. யார் கையில் என்ன ஆயுதம் என்பது இரண்டு பக்கமும் தெரியும்.

துப்பாக்கியோடு வேலைக்குப் போவது பேராக்குக்குப் புதிதும் இல்லை. 1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்து அலுவலகத்தில் ஆர்தர் வாக்கர் என்ற துரை சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலையில் பின் சூன் தோட்டத்தில் ஜான் எலிசனும் அவருடைய உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டார்கள். கிறிஸ்டியனுக்கு வயது 21, என்னைவிட ஒரு வயது சின்னவர். இரண்டே நாளில் நாடு முழுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. முடிய 1960 ஆனது. அதற்குப் பிறகு துரைமார்கள் துப்பாக்கி இல்லாமல் பங்களாவை விட்டு இறங்கவில்லை. பங்களாவைச் சுற்றி முள்கம்பியும் மணல் மூட்டையும் வந்தன.

அப்போது என் பாட்டி அந்தப் பக்கத் தோட்டம் ஒன்றில் எட்டு வயதுப் பிள்ளை. அந்தத் தோட்டம் இன்று முழுக்கச் செம்பனை, லயம் இருந்த இடம்கூடத் தெரியாது. பாட்டியிடம் மாமாவின் யோசனையைச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்கப்பா முந்தியெல்லாம் துரை வாசப்படி வரைக்கும் போயி, புள்ளைக்குக் காய்ச்சல், லீவு வேணும்னு கேப்பாரு. அவன் இடுப்புல அது வந்த பிறகு பத்தடி தள்ளித்தான் நிப்பாரு. அவனும் பயந்த முகமாத்தான் இருப்பான். எங்களப் பார்த்தும் பயந்தான்." பாட்டியின் அப்பா விடியற்காலை இருட்டில் பால் வெட்டும் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனவர். அவருக்கு யாரும் துப்பாக்கி கொடுக்கவில்லை.

அந்தத் துப்பாக்கிகள் சிலரைக் காப்பாற்றியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நாட்டிலேயே பெரிய அதிகாரியான ஹை கமிஷனர் ஹென்றி கர்னி, 1951 அக்டோபர் 6 அன்று, ஆயுதம் ஏந்திய காவலர்கள் உடன் வந்தும் பிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தக் காலத்துக் கதை ஒன்று நம்மவருடையது. எஸ்.ஏ. கணபதி, தொழிற்சங்கத் தலைவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். அவசரகாலச் சட்டத்தில் லைசன்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு மரண தண்டனை. 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் பிடிபட்டபோது அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் இருந்தன. கீழே கிடந்ததை எடுத்தேன், போலீஸில் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்பது அவருடைய வாதம். இந்திய அரசாங்கம் கேட்டுக்கொண்டும் பலனில்லை. மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு நியாயம் நடந்ததாக நான் நினைக்கவில்லை. அது கொடிய சட்டம். ஆனால் அந்த வழக்கைப் படித்தபோது ஒன்று உறைத்தது. எண்ணம் நம் மனசுக்குள் இருக்கிறது, அதை யாரும் பார்க்க முடியாது. மறைத்து வைத்த ஆயுதம் வெளியே வந்துவிட்டால், அதற்குப் பிறகு நம் வார்த்தையை யார் கேட்கிறார்கள்?

இதையெல்லாம் சொன்னபோது மாமா, "அது கம்யூனிஸ்ட் காலம்டா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நியாயமான பதில்தான். அதனால் காலத்துக்குள் அடங்காத ஒன்றைச் சொன்னேன்.

வால்மீகி ராமாயணம், ஆரண்ய காண்டம். ராமன் வில்லோடு தண்டகாரண்யத்துக்குள் போகப் புறப்படும்போது சீதை தடுத்து ஒரு கதை சொல்கிறாள். காட்டில் ஒரு தவசி. இந்திரன் போர்வீரன் வேஷத்தில் வந்து ஒரு நல்ல வாளை அவரிடம், பத்திரமாக வைத்திருங்கள் என்று கொடுத்துவிட்டுப் போகிறான். அடைக்கலப் பொருள் தொலைந்துவிடக் கூடாதே என்று தவசி அதைக் கையோடு கொண்டுபோகிறார். கிழங்கு பறிக்கப் போனாலும் வாள், பழம் பறிக்கப் போனாலும் வாள். நாளடைவில் தவம் குறைந்து, மனசு கொடூரமாகி, கடைசியில் நரகத்துக்குப் போகிறார். அவர் யாரையும் வெட்டுவதற்காக அதை வாங்கவில்லை. பொறுப்பாகத்தான் வைத்திருந்தார். இதுதான் கதையில் என்னைப் பயமுறுத்தும் இடம்.

மாமா லேசுப்பட்டவர் இல்லை. "சீதை சொன்னா சரி, ராமன் வில்லக் கீழ வச்சானா?" என்று கேட்டார். வைக்கவில்லை. அடைக்கலம் கேட்ட ரிஷிகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறான். அவன் வில் தோளில் வெளிப்படையாக இருந்தது, பிறரைக் காக்க இருந்தது, அந்த வில்லை எப்போது எடுப்பது என்று பிள்ளைப் பிராயத்திலிருந்து பழக்கப்பட்ட கை அவனுடையது. மாமாவின் கை அப்படிப்பட்டதா? இதை அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்: இரண்டு வருஷத்துக்கு முன்னால் எடை தகராறில் மாமா ஓர் எடைக்கல்லைத் தூக்கி வேலைக்காரர் மேல் எறிந்தார். கல் சுவரில் பட்டது. மறுநாள் மன்னிப்புக் கேட்டார், அந்த அண்ணன் இன்னும் எங்களிடம்தான் வேலை செய்கிறார். திருடன் வருவது ஆயுளில் ஒருநாளோ இரண்டு நாளோ. எடை தகராறு வாரத்துக்கு ஒன்று. இடுப்பில் இருப்பது இரண்டுக்கும் இருக்கும்.

மாமாவை மட்டும் சொல்லி நான் தப்பிக்க முடியாது. கொள்ளை நடந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம், மாமா பசியாறப் போயிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் விறுவிறுவென்று உள்ளே நுழைந்தான், கை முதுகுப் பக்கம் இருந்தது. என் கை தானாகப் பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பிக்குப் போனது. யோசிக்கவே இல்லை. பயம்கூட இல்லை, கோபம்தான். இவன்தான், இவனை விடக்கூடாது என்று ஓடியது மனசு. அவன் கையை முன்னால் கொண்டுவந்தான். ஒரு சாக்கு. உள்ளே நசுக்கிய டின்கள். பக்கத்து அடுக்குமாடிப் பையன், பதினாறு பதினேழு வயது இருக்கும். "அண்ணே, கிலோ எவ்வளவு?" என்றான்.

கம்பியைத் தூக்க ஒரு வினாடியாவது ஆகும், நான்கு அடியாவது நடக்க வேண்டும். அந்த ஒரு வினாடியும் நான்கு அடியும்தான் அவனைக் காப்பாற்றின, என்னையும். சட்டைக்குள் ஒன்று இருந்திருந்தால் அந்த இடைவெளி கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் சாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

பொறியியல் பாடத்தில் பாதுகாப்புக்கு ஒரு வரிசை சொல்லிக் கொடுப்பார்கள். முதலில் ஆபத்தையே அகற்றப் பார். முடியாவிட்டால் அதற்கும் ஆளுக்கும் நடுவே தடுப்பு வை. பிறகு வேலை செய்யும் முறையை மாற்று. தலைக்கவசம், கையுறை எல்லாம் கடைசி. மாமா கடைசிக்கும் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறார் என்று சொன்னேன். கடையில் காசு கிடப்பதுதான் ஆபத்து. "எங்கிட்ட டின் விக்க வர்ற கிழவிகிட்ட போயி டூயிட்நவ் நம்பர் கேக்கவா? அதுங்களுக்கு அன்னிக்கு அரிசி வாங்கக் கையில காசு வேணும்டா" என்றார். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பெரிய லாரிக்காரர்களுக்கு மட்டும் பேங்க் வழியாகக் கொடுப்பது, சில்லறைக்காரர்களுக்கு அன்றைக்குத் தேவையானதை மட்டும் கடையில் வைப்பது, கல்லாவுக்கு முன்னால் இரும்புக் கிராதி போடுவது, இருட்டுவதற்கு முன்பே கடை மூடுவது என்று பேசி முடித்தோம். கிராதிக்கு வெளியே இரும்பு தேட வேண்டியதில்லை, கடை முழுக்க அதுதான். இதெல்லாம் செய்தும் அவர்கள் திரும்ப வரலாம். மாமாவின் கை இன்னும் முழுசாக மடங்கவில்லை.

அந்தப் பையன் கதையை மாமாவிடம் கடைசியாகத்தான் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் தன் தையல் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அவனுக்குக் காசு ஒழுங்கா குடுத்தியா?" என்று கேட்டார்.

கொடுத்தேன். எடைக்கு மேலேயே கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன்.

பாரம் என் பையில், நோட்டுக்கு நடுவே இருக்கிறது. மாமா இதுவரை திருப்பிக் கேட்கவில்லை.