மறுபடியும் அதே சோதனை

மனவருத்தமும் மனந்திரும்புதலும் ஒன்றுதானா? கண்ணீர் விட்ட ஒருவன் மெய்யாகவே மாறிவிட்டானா என்பதை எதைக் கொண்டு அறிவது? ஆதியாகமம் 37 முதல் 45 வரையுள்ள அதிகாரங்கள் யூதாவின் வாழ்க்கையின் மூலம் இதற்கு விடை தருகின்றன.

யோசேப்பை விற்றுப்போடலாம் என்று யோசனை சொன்னவன் யூதாவே. 17 வயதுள்ள தம்பிக்குக் கிடைத்த விலை 20 வெள்ளிக்காசு. இந்தப் பகைக்கு வித்திட்டது தகப்பனாகிய யாக்கோபின் பட்சபாதம். அதன் அடையாளமாயிருந்த பலவருண அங்கியை இரத்தத்தில் தோய்த்து, தகப்பனே அடையாளம் கண்டு கலங்கும்படி அனுப்பினார்கள்.

பின்பு யூதா தன் இரண்டு குமாரரைச் சாகக்கொடுத்தான். பிள்ளையை இழந்த தகப்பனின் வேதனை என்னவென்று தானே அறிந்தான். தாமாரின் காரியத்தில் அவனுடைய முத்திரை மோதிரமும், ஆரமும், கைக்கோலும் அவனிடத்திற்கே அனுப்பப்பட்டன. இம்முறை அடையாளம் காணவேண்டியவன் அவனே. அவன் மறைக்கவில்லை, அவள் தன்னிலும் நீதியுள்ளவள் என்று ஒப்புக்கொண்டான். மாற்றத்தின் முதற்படி அது.

யோசேப்பு விற்கப்பட்டு ஏறக்குறைய 22 ஆண்டுகளுக்குப்பின், பஞ்சகாலத்தில், சகோதரர் எகிப்தில் அவன் முன்பாக நின்றார்கள். துபாசியைக் கொண்டு பேசிய அதிபதிக்குத் தங்கள் மொழி தெரியும் என்று அறியாமல், தம்பிக்குச் செய்த துரோகத்தைச் சொல்லிப் புலம்பினார்கள். யோசேப்பு அப்புறம் போய் அழுதான். ஆயினும் தன்னை வெளிப்படுத்தவில்லை. அதற்கான காரணத்தை வேதம் நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் ஆபத்தில் பிறக்கும் வருத்தம் ஆபத்தோடே மறைந்துபோகவும் கூடும் அல்லவா?

அடுத்த பயணத்தில் பென்யமீனுக்கு மற்றவர்களைக்காட்டிலும் ஐந்து மடங்கு உணவு பரிமாறப்பட்டது. பின்பு வெள்ளிப் பாத்திரம் அவனுடைய சாக்கிலே அகப்பட்டது. அவன் அடிமையாகட்டும், மற்றவர்கள் சமாதானத்தோடே போகலாம் என்று தீர்ப்பாயிற்று. மறுபடியும் ராகேலின் மகன். மறுபடியும் தகப்பனின் செல்லப்பிள்ளை. மறுபடியும் அவனைக் கைவிட்டுப் போக வழி.

அப்பொழுது யூதா கிட்டச் சேர்ந்தான். தன் மனைவி இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள் என்று தகப்பன் கூறியதை அவனே எடுத்துச் சொன்னான். யூதாவோ லேயாளின் மகன். தகப்பனின் அந்தப் பேச்சில் அவனுடைய தாய்க்கு இடமேயில்லை. எனினும் கசப்பின்றி அதைச் சொல்லி, அந்த முதியவரின் ஜீவன் இளையவனோடு பிணைந்திருப்பதால், அவனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி மன்றாடினான்.

யாக்கோபு மாறவில்லை. பட்சபாதமும் ஒழியவில்லை. மாறியவன் யூதா ஒருவனே. முன்பு பொறாமையை மூட்டிய அதே அன்பைக் காக்கவே இப்பொழுது தன்னை ஒப்புக்கொடுத்தான். இதைக் கேட்டபின்பே யோசேப்பு அடக்கமாட்டாமல் சத்தமிட்டு அழுது, தன்னை வெளிப்படுத்தினான்.

பெற்றோரின் ஓரவஞ்சனையை நினைத்து, உடன்பிறந்தவரோடு பேசாமலே ஆண்டுகளைக் கழிப்போர் விசுவாசக் குடும்பங்களிலும் உண்டு. அநியாயம் முதலில் சரிசெய்யப்படட்டும், பின்பு மனம் மாறலாம் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். யூதா அப்படிக் காத்திருந்தால் பென்யமீன் அடிமையாயிருப்பான். யாக்கோபு துக்கத்தோடே மாண்டிருப்பான். ஜெபத்தில் சிந்தும் கண்ணீரைத் தேவன் அசட்டைபண்ணுகிறதில்லை. ஆனால் பழைய சோதனை மறுபடியும் வாசலில் வந்து நிற்கும் நாளிலே, அந்தக் கண்ணீர் மெய்யானதா என்பது விளங்கும்.