அடைக்கலப் பொருளும் அயலார் கையும்

ஒரு குடும்பம் ஓர் ஊரைவிட்டு மற்றோர் ஊருக்கு வீடு மாறும்போது, அதன் உடைமைகள் அனைத்தும் ஓரிரு நாள்கள், தொலைவு மிகுந்தால் ஒரு வாரம்கூட, முன்பின் அறியாத மனிதர்களின் பொறுப்பில் இருக்கின்றன. உரிமை ஒருவரிடமும் காவல் மற்றொருவரிடமும் பிரிந்து நிற்கும் இந்நிலையை அறநூல்கள் அடைக்கலம் என்ற கருத்தின்கீழ் வைத்து நோக்குகின்றன; ஒருவர் தம் பொருளையோ தம்மைச் சார்ந்தவரையோ மீண்டும் பெறும் உறுதியோடு பிறர் காப்பில் விடுவதே அடைக்கலம். அவ்வாறு விடுமுன் பெறுபவரைத் துருவி ஆராய்வது நம்பிக்கைக் குறைவா, ஆராயாமல் விடுவதுதான் குறையா என்னும் வினா, வீட்டுச் சாமான்களை ஏற்றிச் செல்ல ‘பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்’ நிறுவனம் ஒன்றைத் தேடும் அன்றாடச் செயலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இவ்வினாவுக்குத் தமிழில் கிடைக்கும் மிக ஆழ்ந்த விடை சிலப்பதிகாரத்தில் உள்ளது. புகாரில் பொருளிழந்த கோவலனும் கண்ணகியும், புதுவாழ்வு தொடங்கச் சிலம்பை முதலாகக் கொண்டு மதுரைக்குப் பெயர்கிறார்கள். வழித்துணையாகச் சமணத் துறவியான கவுந்தியடிகள் வருகிறார். மதுரையின் புறஞ்சேரியில் ஆயர்குல முதுமகளான மாதரி வந்து வணங்கும்போது, கண்ணகியை அவளிடம் ஒப்படைக்கலாம் என்று அடிகள் உடனே முடிவு செய்துவிடுவதில்லை. பசுவைப் பேணி அதன் பயனைப் பிறர்க்கு வழங்கும் ஆயர் வாழ்க்கையில் கொடுமை இல்லை என்பதையும், மாதரி தீதற்றவள், முதியவள், நேர்மையும் இரக்கமும் உடையவள் என்பதையும் மனத்துள் எண்ணிப் பார்த்த பின்பே, ஒப்படைப்பதில் தவறில்லை என்று தெளிகிறார். தொழிலின் இயல்பு, ஆளின் இயல்பு என இரண்டையும் எடைபோட்டவர் உலகியலில் பழகிய வணிகர் அல்லர், பற்றுகளைத் துறந்த ஒருவர் என்பது கருதத்தக்கது. துறவியே ஆராய்ந்துதான் நம்புகிறார் என்றால், ஆராய்தலை உலோபிகளின் குணமாகவோ ஐயப்பிராணிகளின் குணமாகவோ கருத இடமில்லை.

அக்கதையின் பிற்பகுதி இதைவிடக் கனமானது. கோவலன் கொலையுண்டதற்கு மாதரி எவ்வகையிலும் காரணமல்லள்; ஆராயாது தீர்ப்பளித்த அரசனே காரணம். ஆயினும் தன்னிடம் வந்த அடைக்கலத்தை இழந்துவிட்டதாகக் கூறி அவள் நள்ளிரவில் தீப்புகுந்தாள் என்ற செய்தியை நீர்ப்படைக் காதை தருகிறது. உயிரைப் போக்கிக்கொண்டதை எவரும் முன்மாதிரியாகக் கொள்ளலாகாது. ஆனால் ‘என் தவறில்லை’ என்ற உண்மையான விடை கைவசம் இருந்தும் அதன்பின் ஒளிய மறுத்த அவளது பொறுப்புணர்வு, காவலை ஏற்பவரின் கடமைக்கு வகுக்கப்பட்ட உச்ச அளவு. சுமை ஏற்றிச் செல்வோரைப் பற்றிய இந்தியச் சட்டம் இதே திசையில், மிகத் தாழ்ந்த படியில் நிற்கிறது எனலாம்: 1865-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும், பொருள் தொலைந்தாலோ சேதமுற்றாலோ ஏற்றிச் சென்றவரின் கவனக்குறைவை உரிமையாளர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்கின்றன.

அடைக்கலம் பெற்றவர் எவ்வளவு கவனம் காட்ட வேண்டும் என்பதற்கு, பிறர் பொருளைத் தம் பொருள்போலப் பேணுவதே வணிகர்க்கு அழகு என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் அளவுகோல் தருகிறார். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவும், அறிவுள்ள ஒருவர் தமக்குரிய அத்தகைய பொருளிடத்துக் காட்டும் கவனத்தையே அளவாக வைக்கிறது. இஸ்லாமிய மரபில் இப்பொறுப்பு அமானிதம் எனப்படும். அது மனிதரிடம் மட்டுமன்றி இறைவனிடமும் பதில் சொல்ல வேண்டிய கடன். கி.பி. 622-இல் நபிகள் நாயகம் மக்காவைவிட்டு மதீனாவுக்குப் பெயர்ந்தபோது, தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவரிடம் சேர்ப்பதற்காக அலியை அங்கேயே விட்டுச் சென்றார் என்பது மரபுவழி வரலாறு. உயிருக்கு ஆபத்து சூழ்ந்த குடிபெயர்விலும் பிறர் பொருளுக்குரிய ஏற்பாடு முதலில் செய்யப்பட்டது. ஏற்றிய சாமான்களைப் பிணையாக வைத்துக்கொண்டு, பேசிய தொகைக்கு மேல் கேட்டு இறக்க மறுக்கும் இன்றைய சில நிறுவனங்களின் செயலை இதன் அருகில் வைத்தால், அது திருட்டைவிடக் கொடியது என்பது விளங்கும். திருடனிடம் எவரும் தாமாக நம்பி எதையும் ஒப்படைப்பதில்லை.

தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் வள்ளுவர் இரு பிழைகளை ஒருசேர வைக்கிறார்: ஆராயாமல் நம்புதல், நம்பிய பின் ஐயுறுதல். இரண்டும் தீராத துன்பம் தரும். முதற்பிழையைத் தவிர்க்க விரும்புபவர், வீட்டுக்கு ஆள் வந்து சாமான்களைப் பார்த்த பிறகே மதிப்பீட்டை எழுத்தில் பெறுவார்; தொலைபேசியில் சொல்லப்படும் மிகக் குறைந்த தொகையை நம்பமாட்டார்; பதிவுச் சான்றையும் ஜிஎஸ்டி எண்ணையும் சரிபார்ப்பார்; காப்பீடு என்ற பெயரில் வாங்கும் பணத்துக்கு உண்மையான காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி உண்டா என்று கேட்பார். நல்ல நாள் பார்ப்பதற்கும், ஆடியையும் மார்கழியையும் தவிர்ப்பதற்கும் பல குடும்பங்கள் காட்டும் சிரத்தையில் ஒரு பகுதியேனும் இந்த ஆராய்ச்சிக்குச் செலவாக வேண்டும். இவற்றை முன்பே செய்து முடித்தவர்க்கு, லாரி புறப்பட்ட பின் ஓட்டுநரை இடையறாது அழைத்துத் துளைக்கும் இரண்டாம் பிழை தானே நீங்கும்.

எதை ஒப்படைக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. இழப்பீட்டால் ஈடுகட்டக்கூடிய கட்டில், பீரோ, குளிர்பதனப் பெட்டி ஆகியவை அடைக்கலத்துக்கு உரியவை. மூதாதையர் வழிபட்ட விளக்கு, நிலப்பத்திரத்தின் மூலப்படி, இறந்தவரின் கையெழுத்து ஆகியவற்றுக்கு எந்தத் தொகையும் ஈடாகாது என்பதால் அவற்றை உரியவரே சுமந்து செல்வதுதான் முறை.

ஒப்படைப்பவர்க்கும் கடமைகள் உள்ளன. அறநூல்களைப் படிப்போர் பெரும்பாலும் கடந்துபோகும் பகுதி இது. உடையும் பொருளையும் எரியும் பொருளையும் மறைக்காமல் பட்டியலில் சொல்வது, பொருளின் மதிப்பைக் கூட்டியோ குறைத்தோ எழுதாதிருப்பது, பேசிய கூலியை இறக்கிய பின் பேரம் பேசிக் குறைக்காதிருப்பது ஆகியவை அவற்றுள் சில. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் வெளியிட்ட பரிந்துரை, ஆண் தொழிலாளி ஒருவர் தம் கைப்படச் சுமக்கும் எடைக்கு 55 கிலோவை மேல்வரம்பாகக் கொள்கிறது. மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து இரும்பு பீரோவை இறக்க எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு, அதற்கான கூடுதல் கூலியை மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்வது, தேர்ந்தெடுப்பவர் செய்ய வேண்டிய ஆராய்ச்சியின் பகுதியே ஆகும்.