அப்பா மிட்டாய் வாங்கி வந்த நாட்கள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் போன நவம்பரில் ஒரு அட்டவணையை அனுப்பினான். அங்கே ஹாலோவீன் முடிந்ததும் வீடு முழுக்க மிட்டாய் மிஞ்சிக் கிடக்குமாம். எந்த மிட்டாய்க்கு எந்த ஒயின் சேரும் என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தது. கூடவே ஒரு கேள்வி: "டேய், நம்ம கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு எதுடா சேரும்?"

விளையாட்டாகத்தான் கேட்டான். நானும் தேடிப் பார்த்தேன். இதற்கு ஒரு அடிப்படை விதி இருக்கிறது. மிட்டாயைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். நாக்கில் இனிப்பு இருக்கும்போது இனிப்பில்லாத ஒயினைக் குடித்தால் புளிப்பும் துவர்ப்பும்தான் தூக்கலாகத் தெரியும். அதனால் கடலையும் பாகும் சேர்ந்த மிட்டாய்க்குப் போர்ச்சுகல் நாட்டு டானி போர்ட் போன்ற ஒன்றைச் சொல்கிறார்கள். மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்து அதற்கே ஒரு பருப்பு வாசம் வந்துவிடுமாம்.

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எங்கள் வீட்டில் மிட்டாயும் குடியும் எப்போதோ சோடி சேர்ந்துவிட்டன.

எங்கள் ஊர் இளையரசனேந்தல். ஒரு பக்கம் கோவில்பட்டி, மறுபக்கம் சங்கரன்கோவில். அப்பாவுக்குக் கோவில்பட்டியில் கொத்து வேலை. சனிக்கிழமை சம்பளம். எங்கள் பக்கம் பிராந்திக்கடைக்குப் பெயரே 'ஒயின்ஷாப்'தான். அங்கே போய் ஒயின் கேட்டு வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அப்பா அங்கே போய்விட்டுக் கடைசி பஸ்ஸில் வருவார். கையில் கடலை மிட்டாய்ப் பொட்டலம் இருக்கும். ஆடித்தபசு சமயம் என்றால் சங்கரன்கோவிலிலிருந்து கருப்பட்டி மிட்டாய். பொட்டலத்துக் காகிதம் பாகில் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

குடிக்காத நாளில் அவர் எதுவும் வாங்கி வரமாட்டார். குடித்த நாளில் மிட்டாய் இல்லாமல் வரமாட்டார்.

நானும் தங்கச்சியும் பிரித்துத் தின்போம். அம்மா தொடமாட்டாள். "நீங்க தின்னுங்க. எனக்கு இனிப்பு ஆகாது." அதற்குப் பிறகு உள்ளறையில் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். வாயில் மிட்டாயோடுதான் அதைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

அந்த மிட்டாயைத் தின்றது தப்பா? ரொம்ப நாளாக எனக்குள் இருக்கும் கேள்வி இது. 'சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்' என்பது சுலபமான பதில். ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை ராத்திரி பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்துக் காத்திருந்திருக்கிறேன். மிட்டாய் வேண்டும் என்றால் அப்பா குடித்திருக்க வேண்டும். அப்படியானால் அவர் குடித்துவிட்டு வரட்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன்.

குடிதான் பாவம், மிட்டாய் நல்லது என்று இதை முடித்துவிடவும் முடியவில்லை. நம் ஊரில் ரெண்டும் ஒரே பாளையிலிருந்து சொட்டுகிறவை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாவிட்டால் சொட்டும்போதே புளிக்கத் தொடங்கி, விடிவதற்குள் நுரை கட்டிக் கள்ளாகிவிடும். கடலை மிட்டாய்க்குக்கூட முன்பு கருப்பட்டிப் பாகுதான் என்று கோவில்பட்டிப் பக்கம் சொல்வார்கள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் வெல்லப் பாகில் செய்வது.

சட்டமும் இந்தக் கணக்கைத் தீர்க்கவில்லை. 1987 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் கள்ளும் சாராயமும் விற்கக் கூடாது. 2003இலிருந்து பிராந்தியைச் சில்லறையாக விற்பது அரசாங்கமே. நாலைந்து சதவீதம் ஆல்கஹால் உள்ள கள் குற்றம், 42.8 சதவீதம் உள்ள பிராந்திக்கு ரசீது உண்டு. எது கூடாதது என்பதைப் பொருளை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஒரு அதிகாரமே எழுதினார். குடித்தவனைப் பெற்ற தாய்கூடப் பார்க்கச் சகிக்கமாட்டாள் என்கிறார். புறநானூற்றில் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு வேறு மாதிரி. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவானே, நிறையக் கிடைத்தால் எங்களுக்கும் கொடுத்து, நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பானே என்று அழுகிறாள். கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அங்கே குடித்தவனை நினைத்து அழுகிறவள் அவனோடு சரிசமமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண். அவளுக்கு அவனிடம் பயம் இல்லை.

என் வீட்டில் குறைந்தது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. நண்பனின் அட்டவணையில் மிட்டாய் தின்கிற வாயும் ஒயின் குடிக்கிற வாயும் ஒன்று. எங்கள் வீட்டில் குடித்தது ஒருவர், இனிப்பைத் தின்றது வேறு இருவர், அடி வாங்கியது நாலாவது ஆள்.

அப்பாவை நான் அரக்கனாக எழுத விரும்பவில்லை. அந்தப் பொட்டலத்தில் பாசம் இருந்தது. வெட்கமும் இருந்திருக்கும். ஒருவிதத்தில் அது மன்னிப்புக் கேட்பதுதான். ஆனால் அவர் கேட்டது எங்களிடம். கேட்க வேண்டியது அம்மாவிடம். நாங்களோ மிட்டாயைத் தின்று, எங்களுடையதல்லாத மன்னிப்பை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டோம். என் தப்பு பசியிலோ ஆசையிலோ இல்லை, அங்கேதான் இருந்தது என்று நினைக்கிறேன். எட்டு வயசுப் பையனை இதற்காகத் தண்டிக்க முடியாதுதான். ஆனால் பெரியவனான பிறகும், "அப்பா குடிப்பாரு, ஆனா எங்க மேல உசுரு" என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேனே, அந்த 'எங்க'வில் அம்மா இருந்தாளா?

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. போன ஆடித்தபசுக்கு அம்மாவைச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப்போனேன். சிவனையும் விஷ்ணுவையும் ஒரே உருவில் பார்க்க வேண்டும் என்று கோமதியம்மன் தவம் இருந்த கதைதான் அந்தத் திருவிழா. கூட்டம் கலையும்போது ஒரு மிட்டாய்க் கடை முன்னால் அம்மா நின்றாள்.

"கருப்பட்டி மிட்டாய் நூறு வாங்கு."

வாங்கிக் கொடுத்தேன். ரதவீதியில் ஒரு படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள். விரலில் ஒழுகிய பாகைக்கூட விடவில்லை.

"ஒனக்கு இனிப்பு ஆகாதேம்மா?"

"அந்த மிட்டாய்தாம்ல ஆகாது" என்றாள்.

எனக்கும் ஒன்று நீட்டினாள். வாங்கித் தின்றேன். நண்பனுக்கு இன்னும் பதில் போடவில்லை.