கருவிக்குறையும் உயிரறிவும்

குழந்தைகள் பயிலும் இடங்கள் பலவற்றையும் ஒருங்கு சென்று காண்பார்க்கு ஓர் ஐயம் நிகழ்தல் இயல்பு. ஒரு பள்ளியில் மாணாக்கர் கேட்டவாறே பாடம் ஒப்பிக்கின்றனர். பார்வையற்றோர் பள்ளியிற் சிறுவர் ஆறு புள்ளிகளாலாய பிரெயில் எழுத்தை விரலால் தடவிப் படிக்கின்றனர். பிறிதோரிடத்து, அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தை தன் சட்டைப் பொத்தானைத் தானே இட்டுக்கொள்ளப் பல திங்கள் பயில்கின்றது. இவருள் வேற்றுமை உயிரின்கண்ணதோ, உயிர்க்கு வாய்த்த கருவியின்கண்ணதோ என்பதே அவ்வையம்.

உயிர் அறிவுடைப்பொருளாயினும் ஆணவ மலத்தால் மறைப்புண்டு, அறிவிக்க அறிவது என்பது சித்தாந்தத் துணிபு. தனு கரண புவன போகங்கள் இருளிடை ஏற்றிய விளக்கென இறைவனால் உதவப்பட்டன. விளக்கின் திரி சிறிதாயின் ஒளி குறையும். அதுகொண்டு காண்பானுக்குக் கண்ணில்லை என்றல் பொருந்தாது. கருவி குறைந்தவிடத்து உயிரும் குறைந்ததென்பார், உடலே உயிரென்னும் உலகாயதர் கூற்றைத் தம்மையறியாது தழுவினராவர்.

கல்வி வரலாறும் இதற்குச் சான்றாகும். இத்தாலிய மருத்துவராகிய மரியா மாண்டிசோரி அம்மையார் (1870–1952) 1900-ஆம் ஆண்டளவில் உரோம் நகரில் அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கற்பித்தார். இடார்டு, செகுவின் என்னும் பிரெஞ்சு மருத்துவர் வகுத்த நெறியைத் தழுவி அவர் அமைத்த கருவிகளால் அக்குழந்தைகளுட் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, ஏனையோர்க்குரிய தேர்விலும் தேறினர். கண்டோர் வியந்தனர். அம்மையாரோ, குறையில்லாக் குழந்தைகளைப் பொதுப்பள்ளிகளில் இத்துணைத் தாழ்வில் நிறுத்தியது யாதெனச் சிந்தித்தார். 1907-இல் உரோம் நகரின் வறியோர் பகுதியில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லம் அச்சிந்தனையின் பயன். 1939-இல் சென்னை அடையாற்றிற்கு வந்தும் ஆசிரியரைப் பயிற்றினார். இன்று நம் சிறார் உப்புத்தாளெழுத்தைத் தடவிக் கற்கும் முறை, குறையுடையார் வழியாகக் குறையிலார்க்குக் கிடைத்த கொடையேயாம்.

இனி, “அக்குறை அவர் பிராரத்தம், நுகர்ந்தே கழியற்பாலது, நாம் இடைப்புகுதல் எற்றுக்கு?” எனின், கூறுதும். நோயும் பிராரத்தமே, அதுபற்றி மருந்தை விலக்குவார் யாருமிலர். வினைப்பயனைக் கூட்டுவான் இறைவனாயின், உதவுவாரைக் கூட்டுவானும் அவனே. இன்னும், மலபரிபாகம் கல்வித்திறத்தால் அளக்கப்படுவதன்று. ஏட்டுக்கல்வியில்லாக் கண்ணப்ப நாயனார் ஆறே நாளிற் பேறெய்தினார்.

பிறவியிலேயே பார்வையிலராகிய தண்டியடிகள் திருவாரூர்த் திருக்குளத்தைக் கல்லப் புகுந்தபோது, குழியில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். அவர்க்கு அன்பு நிறைந்திருந்தது. வேண்டியது கயிறு ஒன்றே. இக்காலத்துச் சிறப்புப்பள்ளி ஆசிரியர் செய்வதும் அக்கயிறு கட்டும் தொண்டேயாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குழந்தைகளை ஏனையோரோடு உடன்வைத்துக் கற்பிக்கப் பணிக்கின்றது. சட்டத்திற்கு அஞ்சிச் செய்வதினும் சித்தாந்தம் உணர்ந்து செய்தல் சிறப்புடைத்து. மடாலயங்கள் நடத்தும் திருமுறைப் பாடசாலைகளில் பார்வையற்ற சிறுவனுக்கும், ஒரு பதிகத்தை ஓராண்டிற் கற்கும் சிறுமிக்கும் இடம் வேண்டும். பிரெயில் அறிந்த ஆசிரியர் ஒருவரேனும் வேண்டும். அவரை வாயிலிலேயே நிறுத்திவிட்டு, உயிர்கள்தோறும் இறைவன் உடனாய் நின்று அறிவிக்கின்றான் என உள்ளே பாடம் சொல்லுதல் எங்ஙனம் பொருந்தும்? அறிஞர் ஆராய்க.