ஐந்தாம் பங்கு

ஈதல் நன்று என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எதை ஈவது, எவ்வழியில் வந்த பொருளை ஈவது என்னும் வினாக்களே நம்மைத் தடுமாறச் செய்கின்றன. கோவையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இன்று நஞ்சிடாது விளைந்த காய்கனிகளையும் தானியங்களையும் விற்கும் கடைகள் பல உள்ளன. அத்தகைய வாணிகர் ஒருவர் தம் வருவாயில் ஒரு பகுதியை ஊருக்கு வழங்க விழைந்தால், அவ்வீகை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஈண்டுச் சிந்திப்போம்.

கோவைக்கு இவ்வினா புதியதன்று. பீளமேட்டில் உழவும் பருத்தி வாணிகமும் செய்து பொருள் ஈட்டியவர் பூ.சா. கோவிந்தசாமி நாயுடு. அவர்தம் புதல்வர் நால்வரும் குடும்பச் சொத்தைப் பிரித்தபோது நான்கு கூறாக்கவில்லை; ஐந்து கூறாக்கினர். ஐந்தாம் கூறு அறத்திற்கு உரியதாயிற்று. அதிலிருந்து 1926ஆம் ஆண்டில் பூ.சா.கோ. அறநிலையம் தோன்றியது, கல்விச்சாலைகளும் மருத்துவமனையும் அதன்வழி எழுந்தன. நாம் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது தொகையின் அளவையன்று. செலவு போக எஞ்சியதை அறத்திற்கு ஒதுக்காமல், அறத்தையே ஓர் உடன்பிறப்பாகக் கருதிப் பங்கு வைத்தனரே, அம்முறையையே.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பெரிய நிறுவனங்கள் தம் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என விதித்தது. சிறு வாணிகரை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் சட்டம் கேளாத கணக்கை உள்ளம் கேட்கும் அன்றோ?

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் தானத்தின் சிறப்பு நான்கினால் வேறுபடும் என்கிறார்: கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்போன், கொள்வோன். மாலையில் விலைபோகாது வாடிய கீரையை அனாதை இல்லத்திற்கு அனுப்புவது வீணாக்குவதினும் மேல்தான். ஆனால் அதனைத் தானக் கணக்கில் எழுதுவது தகுமா? காலையில் வந்த முதற்கூடையிலிருந்து எடுத்து வைப்பதே ஐந்தாம் பங்கின் நெறி.

கொடுப்பதற்கு முன்னர்த் தீர்க்க வேண்டிய கடன்களும் உள. இரசாயன உரத்தை விட்டு இயற்கை வேளாண்மைக்கு மாறும் உழவர், சான்று பெறும்வரை சில ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். அக்காலத்தில் விளைச்சல் குறையக்கூடும். உயர்ந்த விலையும் கிட்டாது. அவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, அந்த இலாபத்தில் அன்னதானம் செய்தால், அது எவருடைய தானம்? உரிய விலை கொடுப்பது ஈகையன்று, கடன் தீர்த்தலே.

தீங்கினை ஈகையால் ஈடுசெய்ய முடியுமா என்பதற்கு நொய்யலே நமக்குச் சான்று. பாசனத்திற்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அந்நீரே வேண்டா என உழவர் முறையிட்டனர். 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் நிலை வந்தது. எத்தனை நன்கொடையும் அந்நிலத்தின் உவர்ப்பை நீக்கவில்லை.

அங்ஙனமாயின், மாசற்ற பொருள் உடையோரே ஈதல் வேண்டுமா எனச் சிலர் வினவலாம். அன்று. ஏர் உழும்போதும் உயிர்கள் மடிகின்றன. தொழிலால் நேரும் இம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க இயலாது, குறைக்கவே இயலும். முழுத்தூய்மைக்குக் காத்திருப்போன் ஒருநாளும் கொடான். ஆனால் ஈகையைப் பிழைக்கு விலையாகச் செலுத்துவோன் பிழையை ஒருநாளும் விடான். நாம் அஞ்ச வேண்டியது இவ்விரண்டாம் நிலையையே.

நால்வகைத் தானங்களும் இத்தொழிலில் தாமே பொருந்துகின்றன. களையெடுக்கும் கூலிப்பெண் தான் வளர்த்த தக்காளியை விலை கொடுத்து வாங்க இயலாத நிலையில் இருக்கிறாள். அவள் வீட்டு உலைக்கே ஆகார தானம் முதலில் சேரட்டும். அவள் பிணியுற்றால் மருந்துச் செலவை ஏற்பது ஔஷத தானம். கரூர் மாவட்டம் கடவூரை அடுத்து ‘வானகம்’ கண்ட நம்மாழ்வார், 2013இல் மறையும் வரை ஊர் ஊராய்ச் சென்று உழவர்க்கு வேளாண் அறிவை வழங்கினார்; அதுபோல் விதையும் அனுபவமும் பகிர்தல் சாத்திர தானத்தின்பாற்படும். நஞ்சு தெளியாத வயலில் மண்புழுவும் தேனீயும் பெறுவது அபய தானம். இதற்கு இரசீதும் இல்லை, கல்வெட்டும் இல்லை.

பெயர்ப்பலகையில் எழுதப்படும் தானத்தினும் எழுதப்படாத இத்தானமே பெரிது எனத் துணிகிறோம். நம் கல்லாப்பெட்டியில் ஐந்தாம் பங்காளிக்கு இடம் உண்டா என்பதை ஒவ்வொருவரும் இன்றிரவு கணக்கு முடிக்கும்போது நோக்குவோமாக.