பூட்டாத கதவும் பிறனுடைய பொருளும்



நாம் குடியிருக்கிற இடத்தைப்பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் அமைதியைத் தேடி எங்கெங்கிருந்தோ வந்து வாடகைக்குத் தங்கியிருக்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் மார்க்கம் வேறு, நம்முடைய மார்க்கம் வேறு. ஆனால் சுவர் ஒன்றுதானே? இந்தப் பக்கம் நம் வாலிபத் தம்பி ராத்திரி ஒன்பது மணிக்கு ஆம்ப்ளிஃபயரைப் போட்டு கிட்டார் பழகினால், அந்தப் பக்கம் இருக்கிறவர் எங்கே போவார்?

2000-ம் வருஷம் ஆகஸ்டு 30-ம் தேதி உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. வழக்கில் சிக்கியது சென்னை கே.கே.ஆர். நகரில் இருந்த நம்மைப் போன்ற ஒரு பெந்தெகொஸ்தே சபை. டிரம்ஸ், கிட்டார், ஒலிபெருக்கி, இவற்றின் சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்போர் சங்கம் வழக்குப் போட்டிருந்தது. மற்றவர்களுடைய சமாதானத்தைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிபதிகள் தீர்த்தார்கள். அதை உபத்திரவம் என்று சொன்ன ஊழியர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தூங்க விடுங்கள் என்று கேட்பவன் சத்துருவா?

ஆகவே நம் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் பழக ஆரம்பித்தபோது எனக்குச் சந்தோஷம். கிட்டாரிலிருந்து ஒரு வயர் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிக்குப் போகிறது, அங்கிருந்து லேப்டாப்புக்கு. கீபோர்டுக்கு யு.எஸ்.பி. வயர் போதும். உள்ளே ஒரு மென்பொருள். அதற்குள் பிளகின் என்று சொல்லப்படுகிற குட்டி மென்பொருள்கள். ஒன்று ஆம்ப்ளிஃபயராகிறது, ஒன்று பியானோவாகிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. 1996-ல் ஸ்டைன்பெர்க் என்ற ஜெர்மன் கம்பெனி வி.எஸ்.டி. என்ற முறையைக் கொண்டுவந்த பிறகுதான் இந்தப் பிளகின் இவ்வளவு பரவியது.

பழைய லேப்டாப்பில் கனமான மென்பொருளைப் போட்டால் திணறும். விரல் இப்போது தொடும், சத்தம் அப்புறம் வரும். தாளம் பழகவே முடியாது. இலேசான மென்பொருளாகப் போட்டு, பஃபரை 256 என்று வைத்து, 48,000 சாம்பிள் வேகத்தில் ஓட்டினால் அந்த பஃபரால் வரும் தாமதம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான். ஸ்பீக்கரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறவனுக்குச் சத்தம் வந்து சேர அதைவிடக் கொஞ்சம் அதிக நேரமாகிறது! (கணக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு தம்பிதான். எனக்கு வேதாகமக் கல்லூரியில் இதெல்லாம் நடத்தவில்லை.)

இனிமேல்தான் பிரச்சினை. ஒரு பென்டிரைவ் கைமாறி வந்தது. நாற்பதாயிரம் ரூபாய் பெறுமான பிளகின்கள், பூட்டு உடைக்கப்பட்டவை. "ஐயா, கர்த்தருக்காகத்தானே வாசிக்கிறோம்? அவன்கிட்ட இருந்து எதையும் எடுக்கலையே, அவனுது அவன்கிட்டயேதான் இருக்கு" என்றான் தம்பி.

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. என் கிட்டாரை நீங்கள் எடுத்துக்கொண்டால் எனக்குக் கிட்டார் இல்லை. மென்பொருளைக் காப்பி எடுத்தால் செய்தவனிடம் அது அப்படியே இருக்கிறது. அப்படியானால் திருட்டு எங்கே? வைரஸ் வரும் என்று பயமுறுத்தி நிறுத்தலாம். எனக்கு அது பிடிக்காது. வைரஸ் வராவிட்டால் சரியாகிவிடுமா? சட்டத்தைக் காட்டலாம். திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே உபயோகித்தால் 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி, ஏழு நாளிலிருந்து மூன்று வருஷம் வரை சிறை என்கிறது. லாபத்துக்காகச் செய்யவில்லையென்றால் கோர்ட் அபராதத்தோடும் விடலாம். அதே சட்டம் உண்மையான மத ஆராதனையில் பாட்டுப் பாடுவதைக் குற்றமாக்கவில்லை. பாட்டுக்குக் கிடைத்த அந்தச் சலுகை வாசிக்கப் பழகுகிற மென்பொருளுக்கு இல்லை. ஆனால் போலீஸ் நம் சந்துக்கு வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்குத் தோன்றுகிற பதில் இது. ஒருவன் வருஷக்கணக்காக உட்கார்ந்து உழைத்திருக்கிறான். கூலி இவ்வளவு என்று சொல்லியிருக்கிறான். வேலையை வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காவிட்டால், அவன் வீட்டிலிருந்து எதையும் தூக்கிவரவில்லை என்பது பதிலாகுமா? அறுவடை செய்தவனுடைய கூலியைப் பிடித்துவைத்தவர்களைப்பற்றி யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியிருப்பதை எடுத்து வாசியுங்கள். விலை நம் ஊருக்கு அநியாயம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். டாலரில் விலை போடுகிறவர்களுக்குச் சித்தாள் கூலி தெரியாது. ஆனாலும் எட்டாத விலை என்றால் வேண்டாம் என்று விடலாம், எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகாது. எனக்குப் பிறன் யார் என்று கேட்ட நியாயசாஸ்திரி இன்று இருந்தால் நம்மைப் பார்த்துச் சிரிப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குத் தொந்தரவு ஆகக்கூடாது என்று, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுடைய கூலியில் கை வைக்கிறோமே!

இலவசமாகவே கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். எல்.எம்.எம்.எஸ். என்ற மென்பொருளுக்குக் காசே இல்லை. கிட்டாருக்கு நியூரல் ஆம்ப் மாடலர், பியானோவுக்கு சாலமாண்டர், இவையும் அப்படியே. பென்டிரைவை அழித்துவிட்டு அவைகளை ஏற்றினோம். கொடுத்ததை வாங்கிக்கொள்வதில் வெட்கமில்லை.

ஆனால் ரீப்பர் என்று ஒன்று உண்டு. முன்னே வின்ஆம்ப் செய்த ஜஸ்டின் ஃபிராங்கல் என்பவருடைய கம்பெனி 2006-ல் வெளியிட்டது. இருபது எம்.பி.கூட இல்லை, பழைய லேப்டாப்பில் பறக்கிறது. அறுபது நாள் சும்மா உபயோகிக்கலாம். அதற்குப் பின் சொந்த உபயோகத்துக்கு அறுபது டாலர், அதாவது ஐயாயிரத்துக்குச் சற்று மேல். விசேஷம் என்னவென்றால், அறுபத்தோராம் நாள் அது பூட்டிக்கொள்வதில்லை! திறக்கும்போது சில விநாடி ஒரு அறிவிப்பைக் காட்டுகிறது, பிறகு வழக்கம்போல வேலை செய்கிறது. பூட்டை உடைக்க வேண்டியதே இல்லை.

"கதவைத் திறந்து வச்சவனே போன்னு சொல்ற மாதிரிதானே, ஐயா?" என்றான் தம்பி. இல்லை. உன்னை நம்பித் திறந்து வைத்திருக்கிறான். பூட்டுப் போட்டவனிடம் திருடுகிறவன் பொருளை மட்டும் எடுக்கிறான். நம்பினவனிடம் எடுக்கிறவன் அந்த நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டு போகிறான். 2 சாமுவேல் 24-ல் அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் சும்மாவே கொடுக்க வந்தான். தாவீது ஐம்பது சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்துத்தான் பலியிட்டான். கொடுக்க மனதாயிருந்தவனிடமே அப்படி என்றால்?

சபைக் காணிக்கையிலிருந்து வாங்கலாமே என்றார்கள் மூப்பர்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பூ கட்டி விற்கிற ஒரு தாயார் பெட்டியில் போடுகிற பத்து ரூபாயும் அதில் இருக்கிறது. பழகுகிறவர்களே சேர்க்கட்டும் என்றேன். நாலு தம்பிமாரும் ஒரு தங்கச்சியும் வாரந்தோறும் ஒரு டப்பாவில் போட்டு வருகிறார்கள். இதை எழுதுகிற இன்று நாற்பத்தோராம் நாள். டப்பாவில் மூவாயிரத்து இருநூறு ரூபாய் இருக்கிறது.