நல்ல நாளிலேயே ஒரு நாமம்



ரந்தாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் நம்ம பாட்டிமார் விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பும்போது வாயில் வந்த சொல் "முருகா!" கத்தியை எடுத்தாலும் அதுதான், பால் வாளியைத் தூக்கினாலும் அதுதான். 1942, 43-இல் ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். பலர் திரும்பவே இல்லை. எத்தனையோ லயத்து வீடுகளில் மிஞ்சியது சாமி படமும் அந்தப் பெயரும்தான்.

அப்பர் சுவாமிகளைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள் என்கிறது பெரியபுராணம். அவர் 'நமசிவாய' என்று ஓத, கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்த்தது. ஒன்றைக் கவனியுங்கள். கடலில் விழுந்த பிறகு அவர் மந்திரம் தேடவில்லை. சூலை நோயில் துடித்தபோது, அக்கா திலகவதியார் அஞ்செழுத்து ஓதித் திருநீறு கொடுத்த நாள் முதல் கூடவே இருந்த பெயர் அது.

இன்று நம்ம கஷ்டம் வேறு. தோட்டம் கைமாறி வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள், எஸ்.பி.எம். ரிசல்ட் சரியில்லை, வேலை போகிறது. அன்றைக்குப் போய்த் தேடினால் வாயில் எதுவும் வராது. நல்லா இருக்கும் நாளிலேயே ஒரு நாமத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் மோட்டார் ஸ்டார்ட் பண்ணும்முன் மூன்று தடவை சொன்னால் போதும்.

நாமம் சொன்னதும் கஷ்டம் ஓடிவிடாது. ஆனால் படபடப்பு அடங்கும். யாரிடம் போய் உதவி கேட்கலாம் என்று புத்தி வரும். கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். அப்பருக்கே ஒரு அக்கா வேண்டியிருந்தது.

சிவாயநம.